ஓர் ஆட்டத்தோடு முடியாத சீசன்: திருகோணமலையில் கல்லூரி உதைபந்தாட்ட அணியை ஓராண்டு நடத்துவது எப்படி

எட்டுப் பாடசாலைகள் வலய மட்டச் சுற்றுப்போட்டிக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். விலகல் முறை. மொத்தம் ஏழே ஏழு ஆட்டம். முதல் சுற்று முடிந்ததும் நான்கு அணிகள் பையைக் கட்டிவிடும். அந்த நான்கு பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அந்த ஆண்டு உதைபந்தாட்டம் அவ்வளவுதான்.

நான் ஆசிரியன் இல்லை. பழைய மாணவன். எங்கள் கல்லூரியின் 18 வயதுக்குட்பட்ட அணிக்குப் பின்னேரங்களில் போய் உதவுகிறவன். பையன்கள் என்னவோ 'சேர்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் போன முதல் இரண்டு ஆண்டும் அந்த நான்கு அணிகளில் நாங்களும் ஒன்று. ஐந்து மாதம் ஓடினோம், ஓர் ஆட்டம் ஆடினோம், பஸ் ஏறினோம். இரண்டாவது தடவை திரும்பி வரும்போது பின்சீட்டில் இருந்த பையன் கேட்டான்: "சேர், இனி எப்ப மட்ச்?" அடுத்த வருஷம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் உயர்தரம் எழுதப் போகிறவன். அவனுக்கு அடுத்த வருஷம் கிடையாது.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. சீசனை யாரும் நமக்குத் தரப்போவதில்லை, நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பொறுப்பாசிரியராகப் புதிதாக மாட்டிக்கொண்டவர்களுக்கும், என்னைப் போல ஆசையில் போய் நிற்கிற பழைய மாணவர்களுக்கும் இது பயன்படலாம்.

முதலில் நாட்காட்டி, பிறகுதான் பந்து

டிசம்பர் விடுமுறையில் ஒரு பெரிய நாட்காட்டியை மேசையில் விரியுங்கள். பந்து உதைக்க முடியாத நாட்களை முதலில் அடியுங்கள்.

மழை: நம்மூருக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றோடுதான் வரும். ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை மைதானத்தில் தவளைதான் ஆடும். கொழும்பில் மே, ஜூனில் மழை கொட்டும்போது இங்கே கச்சான் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கும். அதனால் தெற்கே இருப்பவர்கள் போட்ட பயிற்சித் திட்டத்தை இணையத்தில் இறக்கி அப்படியே பின்பற்றினால் மாதங்கள் தலைகீழாகிவிடும்.

முதலாம் தவணை: இல்ல விளையாட்டுப் போட்டி. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை மைதானம் ஓட்டக்காரர்களுக்கும் அணிநடைக்கும்தான். இதை எதிர்த்துச் சண்டை பிடிக்காதீர்கள். 400 மீற்றரும் 800 மீற்றரும் யார் ஓடுகிறான் என்று ஓரத்தில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் சிறந்த வலதுபக்கப் பின்கள ஆட்டக்காரனை நான் கண்டது பந்தோடு அல்ல, 800 மீற்றரின் கடைசி வளைவில்தான்.

பரீட்சைகள்: பழைய காலத்தில் டிசம்பர் என்றால் சாதாரண தரம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். இப்போது முடியாது. 2023ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2024 மே மாதம் நடந்தது, 2024க்குரியது 2025 மார்ச்சில். திகதி அறிவித்ததும் பரீட்சைக்கு முந்திய ஐந்து வாரத்தையும் சிவப்பால் அடியுங்கள். அந்தப் பிள்ளைகள் அணியில் இருந்தாலும் இல்லை என்றே கணக்கு வையுங்கள்.

கோயிலும் பள்ளியும்: பங்குனி, சித்திரையில் கோணேசர் கோயில் திருவிழா, அதை ஒட்டிப் புதுவருஷம். நோன்பு 2025இல் மார்ச்சில் வந்தது, 2026இல் பெப்ரவரி நடுவிலேயே தொடங்கியது. ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். அணியில் நோன்பு பிடிக்கிற பையன் ஒருவன் இருந்தாலும் அந்த மாதத்தில் கடும் பயிற்சி வேண்டாம். பந்தைத் தொட்டுப் பழகுவது, நின்ற இடத்திலிருந்து அடிப்பது, ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது போன்றவற்றுக்கு அதுதான் நல்ல மாதம்.

இத்தனையையும் அடித்த பிறகு என்ன மிஞ்சும்? ஓகஸ்ட் வரை சில்லறை சில்லறையாக 18 வாரமளவில் எங்களுக்கு மிஞ்சும். அந்தப் 18 வாரம்தான் உங்கள் சொத்து.

எதிரணி ரியூசன்தான்

கிண்ணியா, மூதூர் அணிகளைப் பற்றிப் பயப்படாதீர்கள், அது பிறகு. முதல் எதிரி பின்னேரம் மூன்று மணி.

"சேர், நாளைக்கு வரேலாது சேர்."
"ஏன்டா?"
"கிளாஸ் சேர்."
"என்ன கிளாஸ்?"
"கெமிஸ்ட்ரி சேர். போன கிழமையும் போகேல்ல."

இதற்கு என்ன பதில் சொல்வது? வகுப்பை விடு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. தாய் காசு கட்டியிருக்கிறா. நான் செய்தது இதுதான்: ஒரு கொப்பித் தாளில் ஏழு நாளைக்கும் கட்டம் போட்டு, 24 பையன்களிடமும் அவரவர் வகுப்பு நேரத்தை எழுதி வாங்கினேன். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்த்தபோது, கிழமையில் இரண்டு விடியற்காலையும் ஒரு பின்னேரமும் மட்டும் ஏறக்குறைய எல்லாருக்கும் வெறுமையாக இருந்தன. செவ்வாய், வியாழன் காலை 5.45, சனி பின்னேரம் 4 மணி. அதுவே எங்கள் கால அட்டவணையாயிற்று. வெள்ளியில் ஜும்ஆ, ஞாயிறில் பூசையும் அறநெறி வகுப்பும். இரண்டையும் தொடவே இல்லை.

விடியற்காலை இன்னொரு விதத்திலும் நல்லது, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் திருக்கடலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் தகப்பனோடு வலைக்குப் போய்விட்டு நேரே மைதானத்துக்கு வருவான், கையில் மீன் வாசத்தோடு. அவனை 20 நிமிடத்துக்கு மேல் ஓட விடவில்லை. அவன் ஏற்கெனவே ஒரு பயிற்சி முடித்துவிட்டு வருகிறான் அல்லவா?

பெற்றோரை ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள். நீண்ட பேச்சு வேண்டாம். எந்த நாள், எத்தனை மணிக்கு வருவான், எத்தனை மணிக்கு வீடு சேருவான், பரீட்சைக்கு எத்தனை வாரம் விடுவோம் என்று நான்கு விஷயத்தை ஒரு கடதாசியில் எழுதிக் கொடுங்கள். தாய்மாருக்கு வேண்டியது வெற்றி அல்ல, நேரம்.

ஆட்களைத் தெரிவு செய்வது

ஒரு நாள் தெரிவு ஆட்டம் வைத்து அணியை முடிக்காதீர்கள். அன்று நன்றாக ஆடுகிறவன் பெரும்பாலும் அன்று தைரியமாக இருந்தவன் மட்டுமே. மூன்று வாரம் எல்லாரையும் வரச் சொல்லுங்கள். ஏழுக்கு ஏழு சிறு ஆட்டங்களாகப் பிரித்து, பந்து காலில் இல்லாத நேரத்தில் எவன் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள்.

22 முதல் 24 பேர் போதும். அதில் கோல் காப்பாளர் இரண்டு பேர் கட்டாயம், மூன்று பேர் என்றால் இன்னும் நல்லது. உயரமானவனைக் கோலில் நிறுத்துகிற பழக்கத்தை விடுங்கள். கிரிக்கெட்டில் சிலிப்பில் நிற்கிற பையனைக் கேட்டுப் பாருங்கள், கை தானாகப் போகும்.

எங்கள் விதி ஒன்றே ஒன்று: பயிற்சிக்குப் பத்துக்கு ஏழு தடவையாவது வராதவன் முதல் பதினொருவரில் இல்லை. யார் மகனாக இருந்தாலும் சரி. இந்த விதியால் ஒரு முக்கியமான சிநேகபூர்வ ஆட்டத்தில் எங்கள் தலைசிறந்த முன்கள ஆட்டக்காரனை வெளியே உட்கார வைத்தோம், 0க்கு 3 தோற்றோம். அடுத்த செவ்வாய் 5.40க்கு அவன் எனக்கு முன்னால் மைதானத்தில் நின்றான்.

கடதாசி வேலை

இதைச் சலிப்பென்று தள்ளினால் ஆட்டமே ஆடாமல் வீட்டுக்குப் போவீர்கள். பாடசாலைப் போட்டிகள் வயதுப் பிரிவில் நடப்பவை. எந்தத் திகதிக்குப் பிறகு பிறந்தவன் என்பது அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கையில் இருக்கும். போன ஆண்டு நினைவை நம்பாமல் அதை எடுத்து வாசியுங்கள். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கி, பிறப்புச் சான்றிதழ், படம், அதிபர் உறுதிப்படுத்திய விபரம், பெற்றோரின் சம்மதக் கடிதம், இரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் எல்லாவற்றையும் பெப்ரவரியிலேயே போட்டு வையுங்கள்.

பெப்ரவரியிலேயே என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒருமுறை சான்றிதழ்ப் பெயரில் 'ச' இருந்தது, பாடசாலைப் பதிவில் 'ஷ' இருந்தது. போட்டி நாளன்று காலை மேசையில் இருந்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பையன் பூட்ஸைக் கட்டி முடித்து நின்றான். ஆட விடவில்லை. அவர்மேல் தவறில்லை, நான்தான் மாதக்கணக்கில் பார்க்காமல் விட்டேன். பூட்ஸ் நாடாவை அவிழ்க்க அவனுக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்பது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

மைதானமும் சுண்ணாம்பும் மான்களும்

ஏகாம்பரம் மைதானம், மக்கெய்சர் விளையாட்டரங்கு போன்ற இடங்கள் போட்டிக்கு. தினசரிப் பயிற்சிக்குப் பாடசாலை மைதானம்தான். அதன் அளவு எப்படி இருந்தாலும் கோடு போட்டே ஆடுங்கள். கோடில்லாத மைதானத்தில் பழகியவன் போட்டியன்று பெனால்டிப் பெட்டி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கையைப் போடுவான்.

மூலை நேராக வர ஒரு பழைய கொத்தனார் வித்தை உண்டு. 12 மீற்றர் கயிறு எடுத்து, 3ஆம் மீற்றரிலும் 7ஆம் மீற்றரிலும் முடிச்சுப் போட்டு, இரண்டு முனையையும் சேர்த்து முக்கோணமாக இழுங்கள். 3, 4, 5 என்று பக்கங்கள் வரும். மூன்றும் நான்கும் சேர்கிற இடம் சரியான செங்கோணம். கோல் 7.32 மீற்றர் அகலம், 2.44 மீற்றர் உயரம். பெனால்டிப் பெட்டி ஒவ்வொரு கம்பத்திலிருந்தும் 16.5 மீற்றர் பக்கவாட்டில், 16.5 மீற்றர் முன்னே. முழு அகலம் 40.32 மீற்றர். பெனால்டிப் புள்ளி 11 மீற்றர். நடுவட்டத்தின் ஆரை 9.15 மீற்றர். கோட்டுக்குச் சோக்குத் தூள் (கல்சியம் காபனேற்று)தான், சுட்ட சுண்ணாம்பும் வேண்டாம், நீர்த்த சுண்ணாம்பும் வேண்டாம். அவை ஈரம் பட்டால் தோலையும் கண்ணையும் வேகவைத்துவிடும். விழுந்து எழும்புகிற கோல் காப்பாளனின் முகம் அந்தக் கோட்டில்தான் தேயும்.

விளையாடுமுன் எல்லாருமாக வரிசையாக நின்று மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடங்கள். உடைந்த போத்தல், கல், நெருஞ்சி முள், அப்புறம் நம்மூருக்கே உரிய மான் புழுக்கை. பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்திலிருந்து நகரத்துக்குள் வருகிற புள்ளிமான்களுக்கு உதைபந்தாட்ட விதி தெரியாது. ஒரு பின்னேரம் கோல் வாசலில் நான்கு மான்கள் படுத்துக் கிடந்தன. விரட்டவே மனமில்லை, பக்கவாட்டில் கோன் வைத்துச் சின்ன ஆட்டம் ஆடினோம். அன்று பையை மூடாமல் வைத்தது என் பிழை. வருகைப் பதிவுக் கொப்பியை ஒரு பெண்மான் இழுத்தெடுத்து, ஓரத்தை நிதானமாகச் சப்பிக்கொண்டிருந்தது. அந்த மாதம் பெயர் வரிசையில் கடைசி மூன்று பேருக்கு வருகையே இல்லை. அவர்கள் இன்றுவரை நூறு வீதம் வந்ததாகச் சாதிக்கிறார்கள்.

பந்துக்கு வருவோம். 5ஆம் இலக்கப் பந்து, சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், நிறை 410 முதல் 450 கிராம். காற்று சதுர அங்குலத்துக்கு 8.5 முதல் 15.6 இறாத்தல் வரை இருக்கலாம். நம்முடைய காய்ந்த தரையில் 9, 10 போதும். அதற்குமேல் அடித்தால் பந்து முயல்குட்டி மாதிரித் துள்ளும். வெயிலில் கிடந்த பந்து தானாகவே இறுகும், அதனால் நிழலில் வைத்து அளவு பாருங்கள். இரண்டு பேருக்கு ஒரு பந்து இருந்தால்தான் பயிற்சி பயிற்சியாக இருக்கும். பழைய மாணவர் சங்கம் காசு தர முன்வந்தால் ஜேர்சி கேட்காதீர்கள், பந்து கேளுங்கள்.

ஒரு கிழமைப் பயிற்சி

செவ்வாய்: உடலைச் சூடாக்கல் 20 நிமிடம், பிறகு பந்து வாங்குவதும் கொடுப்பதும். வியாழன்: கோணர், ப்ரீகிக், எறிபந்து. சனி: ஆட்டம். இதற்கு மேல் சிக்கலாக்க வேண்டியதில்லை.

சூடாக்கலுக்கு ஃபிபாவின் 'லெவன் பிளஸ்' திட்டத்தைப் பின்பற்றுங்கள். மூன்று பகுதி, 15 பயிற்சி, 20 நிமிடம். கிழமைக்கு இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்த அணிகளில் காயம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதல் இரண்டு கிழமை பையன்கள் சிரிப்பார்கள், ஒற்றைக் காலில் நின்று தள்ளாடுவார்கள். தள்ளாடுகிறவனைக் குறித்து வையுங்கள், கணுக்கால் சுளுக்கோடு வரப்போகிறவன் அவன்தான்.

எந்த அமைப்பில் ஆடுவது, 4-4-2வா 4-3-3ஆ என்று பழைய மாணவர்கள் உங்களிடம் சண்டைக்கு வருவார்கள். தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பாடசாலை மட்டத்தில் கோல்களில் பெரும்பகுதி நான் பார்த்தவரை மூன்று வழியில் வருகிறது: கோணரில் யாரும் பிடிக்காமல் விட்ட ஆள், கோல் காப்பாளரும் பின்கள ஆட்டக்காரனும் ஒருவரையொருவர் பார்த்து நின்ற பந்து, நம் எறிபந்தை நாமே பறிகொடுத்தது. ஆகவே வியாழக்கிழமையை விட்டுவிடாதீர்கள். கோல் காப்பாளன் 'கீப்பர்' என்று கத்தினால் மற்றவர்கள் விலக வேண்டும். கத்தாமல் வந்தால், பந்தைப் பிடித்தாலும் அது பிழைதான். இந்த ஒன்றை மட்டும் பழக்க எங்களுக்கு இரண்டு மாதம் எடுத்தது. அமைதியான பிள்ளைகள், கத்தவே வெட்கம்.

சொந்தமாக ஒரு லீக்

இதுதான் சொல்ல வந்த விஷயம்.

நான்கு பாடசாலைகளைச் சேருங்கள். ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஒருமுறை ஆடினால் 6 ஆட்டம், ஒரு பாடசாலைக்கு 3. அவரவர் மைதானத்திலும் எதிரணி மைதானத்திலுமாக இரண்டு முறை ஆடினால் 12 ஆட்டம், ஒரு பாடசாலைக்கு 6. இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்ததும் இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை வைத்தால் 12 வாரத்தில் முடிந்துவிடும். வலயப் போட்டிக்குப் போகும்போது உங்கள் பையன் ஏற்கெனவே ஆறு தடவை வரிசையில் நின்று கை குலுக்கியிருப்பான், இரண்டு தடவையாவது தோற்றிருப்பான், ஒருமுறையாவது பின்தங்கி நின்று சமன் செய்திருப்பான். இதெல்லாம் பயிற்சியில் கிடைக்காது.

கிண்ணம் வேண்டாம், மேடை வேண்டாம், பிரதம விருந்தினர் வேண்டவே வேண்டாம். மேடை போட்டால் காசு வேண்டும், காசு வந்தால் குழு வேண்டும், குழு வந்தால் ஆட்டம் பின்னுக்குப் போகும். வேண்டியவை இவ்வளவுதான்: நான்கு அதிபர்களின் எழுத்து அனுமதி, திகதிப் பட்டியல், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு மத்தியஸ்தர், புள்ளிப்பட்டியல் எழுத ஒரு அட்டை. வென்றால் 3, சமனானால் 1. மத்தியஸ்தருக்கு வழிச்செலவும் குடிக்க ஏதாவதும் கொடுங்கள். உங்கள் சொந்தப் பழைய மாணவனை விசிலோடு நிறுத்தி எதிரணியைக் கூப்பிடுவது மரியாதையில்லை.

யாரைச் சேர்ப்பது? ஒரே பலமுள்ள அணிகளாகத் தேடாதீர்கள். உங்களைவிடத் திறமான ஒன்று, உங்கள் மட்டத்தில் ஒன்று, நீங்கள் வெல்லக்கூடிய ஒன்று. ஒன்றாவது நகரத்துக்கு வெளியே இருக்கட்டும். கிண்ணியாப் பையன்களோடு அவர்கள் மண்ணில், அவர்கள் ஊர் சுற்றி நிற்க ஆடுவது ஒரு தனிப் படிப்பு. முதல்தடவை நாங்கள் அங்கே போனபோது பத்து நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கினோம். அவர்கள் பந்தைத் தரையிலேயே வைத்து ஆடினார்கள், எங்கள் ஆட்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் எதிரணி மாஸ்டர் ஒரு வாளி நிறையத் தேசிக்காய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "குடியுங்க தம்பி, இன்னும் அரைவாசி கிடக்கு." 1க்கு 4 என்று முடிந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் 'இனி எப்ப மட்ச்' என்று கேட்கவில்லை. திகதி அவர்களிடமே இருந்தது.

இந்த ஆறு ஆட்டத்தில் அணியில் உள்ள ஒவ்வொருவனுக்கும் ஓர் ஆட்டமாவது தொடக்கத்திலிருந்து கொடுங்கள். பதினாறாவது ஆள்தான் கடைசியில் தேவைப்படுவான். காய்ச்சல், சுளுக்கு, சிவப்பு அட்டை, கெமிஸ்ட்ரி எதுவும் சொல்லிவிட்டு வருவதில்லை.

வெயில், தண்ணீர், சாப்பாடு

மே முதல் ஓகஸ்ட் வரை பகல் வெப்பம் 34, 35 பாகைக்குச் சாதாரணமாகப் போகும். பின்னேரம் 4 மணிக்கு முன் ஆட்டம் வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். வைத்தே ஆகவேண்டும் என்றால் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் தண்ணீர் இடைவேளை கேளுங்கள். 2014 உலகக் கிண்ணத்திலேயே அதைக் கொடுத்தார்கள், இங்கே கேட்பதில் வெட்கமில்லை.

ஆட்டத்துக்கு இரண்டு மணி முன்னால் அரை லீற்றர் அளவில் தண்ணீர், ஆடும்போது கால்மணிக்கு ஒருதரம் நாலைந்து மிடறு. வியர்வை அதிகமான நாளில் ஜீவனி (உப்புச்சீனிக் கரைசல் தூள்) கரைத்து வையுங்கள், பொதியில் எழுதியிருக்கிற தண்ணீர் அளவிலேயே. திறமாக இருக்கட்டும் என்று கெட்டியாகக் கரைத்தால் வயிறு பிசகும். சக்திப் பானம் என்று தகரத்தில் விற்கிறதைக் கிட்ட விடாதீர்கள்.

சாப்பாட்டில் புதுமை வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கு முன் சோறு, மீன், பருப்பு. காலை ஆட்டமென்றால் இடியப்பம், முட்டை. ஒரு மணிக்கு முன் ஒரு வாழைப்பழம். கொத்துரொட்டி ஆட்டம் முடிந்த பிறகு.

காயம்

மீன் கடையில் ஐஸ் வாங்கி ஒரு ரெஜிபோம் பெட்டியில் போட்டு வையுங்கள், இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. சுளுக்கு என்றால் துணியில் சுற்றிய ஐஸ் 15, 20 நிமிடம், இறுக்கமான கட்டு, காலை உயர்த்தி வைப்பது. எண்ணெய் போட்டு உருவக்கூடாது, முதல் இரண்டு நாள் நிச்சயமாக.

தலையில் அடிபட்டால் பேச்சே இல்லை. கண் மங்குது, தலை சுத்துது, எத்தனைக்கு எத்தனை என்று மறந்துபோச்சு, இதில் ஒன்று இருந்தாலும் வெளியே எடுங்கள், அன்று திரும்ப விடாதீர்கள். வாந்தி, கூடிக்கொண்டு போகும் தலையிடி, தூக்கக் கலக்கம் என்றால் நேரே பெரியாஸ்பத்திரி. பையன் 'நான் ஓகே சேர்' என்பான். அவன் எப்போதும் அப்படித்தான் சொல்வான்.

விலகல் ஆட்ட நாள்

ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். ஷின்பேட் கட்டாயம். சங்கிலி, காப்பு, தோடு எல்லாம் கழற்ற வேண்டும், மத்தியஸ்தர் சொல்லுமுன் நீங்களே வாங்கி ஒரு பையில் போடுங்கள். எத்தனை மாற்று ஆட்டக்காரர், சமனானால் மேலதிக நேரமா நேரே பெனால்டியா என்பதை அன்றைய போட்டி விதியில் கேட்டு எழுதுங்கள். இதைக் கேட்காமல் கடைசி ஐந்து நிமிடத்தில் பாதுகாத்து ஆடிய அணியையும் பார்த்திருக்கிறேன், அவர்கள் ஒரு கோல் பின்னால் இருந்தார்கள். அது வேறு கதை.

நாணயச் சுழற்சியில் வென்றால் 2019 முதல் பக்கத்தையோ முதல் உதையையோ நீங்களே தெரிவு செய்யலாம். கச்சான் வீசுகிற மாதங்களில் பக்கத்தைத்தான் எடுக்க வேண்டும். நான் பார்த்தவரை பொழுது சாயச் சாயக் காற்று தணிகிறது, ஆகவே முதல் பாதியில் காற்றோடு ஆடுவது இலாபம். மைதானம் கிழக்கு மேற்காக இருந்தால் சூரியனையும் கணக்கில் எடுங்கள். இரண்டாம் பாதியில் மேற்கைப் பார்த்து நிற்கிற கோல் காப்பாளனுக்கு உயரப் பந்து தெரியாது. அது உங்கள் ஆளா எதிரணி ஆளா என்பதை அந்த நாணயத்தில் முடிவு செய்கிறீர்கள்.

2025 ஜூலையிலிருந்து சர்வதேச விதியில் ஒரு மாற்றம்: கோல் காப்பாளர் பந்தை 8 விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோணர். பழைய பழக்கத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறவனைப் பயிற்சியிலேயே எண்ணிக் காட்டி எழுப்புங்கள்.

பெனால்டிக்கு ஐந்து பேரை அல்ல, ஏழு பேரைத் தயார் செய்யுங்கள். பயிற்சி முடிந்து களைத்த காலோடு, நடுவட்டத்திலிருந்து தனியாக நடந்து வந்து அடிக்கச் சொல்லுங்கள். கடினம் உதையில் இல்லை, அந்த நடையில் இருக்கிறது. யார் அடிப்பது என்று அந்த இடத்தில் கேட்காதீர்கள். 'நான் அடிக்கிறன்' என்று முதலில் கை தூக்குகிறவன் பலநேரம் பயத்தில் தூக்குகிறான். வரிசையை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

மாகாணத்துக்குப் போனால்

மூன்றாம் ஆண்டு போனோம். மட்டக்களப்பு. வலயத்தில் வென்ற அன்று இருந்த சந்தோஷம் பஸ் கட்டணத்தைக் கேட்டதும் பாதியாயிற்று. ஆகவே இதற்கான காசைச் சீசன் தொடக்கத்திலேயே தனியாக ஒதுக்குங்கள், போகாவிட்டால் பந்து வாங்கலாம்.

கிண்ணியாப் பாலம், மூதூர், வெருகல், வாகரை என்று கரையோரமாகப் போகிற ஏ-15 வீதி. 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன் துறையில் பாதைக்காக (ஆளையும் வாகனத்தையும் ஏற்றுகிற படகு) காத்துக் கிடந்த கதையை மூத்தவர்கள் பஸ்ஸில் சொல்வார்கள், சொல்ல விடுங்கள். முடிந்தால் முதல் நாள் பின்னேரமே போய் ஒரு பாடசாலையில் தங்குங்கள். விடிய நாலு மணிக்குப் புறப்பட்டு, இறங்கிய கையோடு ஆடினால் முதல் கால்மணி நேரம் கால் பஸ்ஸிலேயே இருக்கும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது, 0க்கு 2. வாந்தி எடுக்கிற பையனை முன்சீட்டில் வையுங்கள், பாய் கொண்டுபோங்கள், நுளம்புத்திரியும்.

மழை வருமுன்

ஒக்டோபரில் முதல் இடி கேட்டதும் சாமான்களை எண்ணுங்கள். எத்தனை பந்து கொடுத்தோம், எத்தனை இருக்கிறது. வலையைக் கழற்றி நன்றாக உலர்த்தி, தரையில் போடாமல் தொங்கவிடுங்கள், எலி ஒரு மாதத்தில் தன் சொந்தக் கோலைப் போட்டுவிடும். பந்தின் காற்றைப் பாதி இறக்கி வையுங்கள். மேலங்கிகளைத் தோய்க்காமல் பைக்குள் வைத்தால் ஜனவரியில் திறக்க உங்களுக்குத்தான் தைரியம் வேண்டும்.

பாடசாலையை விட்டுப் போகிற பையன்களில் ஒருவனைப் பிடித்து, அடுத்த ஆண்டு சனிக்கிழமைகளில் வந்து உதவ முடியுமா என்று கேளுங்கள். பின்சீட்டில் இருந்து கேள்வி கேட்டானே, அவன் இப்போது 14 வயதுக்குட்பட்ட அணியைப் பார்க்கிறான். போன கிழமை வந்து வருகைப் பதிவுக் கொப்பி ஒன்று வேண்டுமென்றான். பழையதைக் கொடுத்தேன். ஓரம் சப்பியிருந்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில என்ட பேரும் இருந்தது சேர்" என்றான்.